வெட்டப்பட்ட கட்டைவிரல்

புகைப்படம் பொய் சொல்லாது என்றொரு நம்பிக்கை நம்மிடையே ஆழ வேரூன்றியிருக்கிறது. இதனோடு உடன்பிறந்த இன்னொரு நம்பிக்கையும் உண்டு. இக்கால ஓவியம் என்பது பொருளற்ற கிறுக்கல். படிக்காதவரை மிரட்டுவதற்காகப் படித்தவர் செய்துகொள்ளும் ஏற்பாடு என்பது அது. புகைப்படக் கருவி வந்தபின் ஓவியனுக்கு என்ன வேலை என்று கேட்போரும் உளர். கண்ணால் கண்டதைக் கருவி உள்ளவாறே காட்டிவிடுகிறது. ஆகவே, ஓவியன் காணாததைக் கற்பனை செய்து காலம் கழிக்கிறான் என்பது அவர்கள் வாதம்.

இவ்விரு நம்பிக்கைகளும் தவறானவை என்பதே இக்கட்டுரையின் வாதம். இது வெறும் ரசனை பற்றிய வழக்கு என்றால் அவரவர் விருப்பம் என்று விட்டுவிடலாம். ஆனால் இதனுள் அறநெறி சார்ந்த வேறொரு கேள்வி அடங்கியிருக்கிறது. துன்புறும் மனிதரின் முகத்தை நாம் எப்படி நடத்துகிறோம் என்பதே அக்கேள்வி. நன்கொடை கேட்டு நாம் அச்சிடும் துண்டறிக்கை முதல், அரிசி மூட்டை வழங்கும்போது நாம் எடுத்துக்கொள்ளும் படம் வரை அக்கேள்வி நம்மைத் தொடர்கிறது. அதற்கு விடை தேட, முதலில் உலகம் போற்றும் சில படங்களின் கதையை அறிதல் நலம்.

நிப்போமோவின் தாய்

1936ஆம் ஆண்டு மார்ச்சு மாதம். அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில், நிப்போமோ என்னும் ஊருக்கு அருகே, பட்டாணி பறிக்க வந்த கூலித் தொழிலாளர்களின் முகாம். உறைபனியால் பயிர் அழிந்துவிட்டது; வேலையும் இல்லை, கூலியும் இல்லை. அரசுத் துறை ஒன்றுக்காகப் படம் எடுத்துவந்த டோரத்தியா லாங் அம்முகாமுக்குள் சென்று, கூடாரம் ஒன்றில் குழந்தைகளோடு அமர்ந்திருந்த ஒரு தாயைச் சில படங்கள் எடுத்தார். அவற்றுள் ஒன்று ‘புலம்பெயர்ந்த தாய்’ என்னும் பெயரில் உலகப் புகழ் பெற்றது. கன்னத்தருகே உயர்ந்த கை, தொலைவை நோக்கும் கண்கள், முகத்தை மறைத்துத் தாயின் தோள்களில் சாய்ந்த இரு குழந்தைகள், மடியில் ஒரு கைக்குழந்தை. மரியன்னையும் குழந்தை இயேசுவும் என்னும் பழைய ஓவிய மரபின் சாயலை இப்படத்தில் கண்டோர் பலர். நம் கண்ணுக்கும் அது எளிதில் தென்படும்.

அத்தாயின் பெயரை லாங் கேட்கவில்லை, வயதை அறிந்துகொண்டார். 32 என்று விடை வந்தது. இதனை லாங்கே 1960இல் எழுதியிருக்கிறார்.

படத்தின் கீழ் வலப்புற மூலையில் ஒரு கட்டைவிரல் தெரிந்தது. கூடாரக் கம்பத்தைப் பற்றியிருந்த கையின் விரல் அது. படத்தின் அமைதியை அது குலைக்கிறது என்று கருதிய லாங், சில ஆண்டுகளுக்குப் பின் நெகட்டிவிலேயே அவ்விரலை அழிக்கச் செய்தார். அவருடைய மேலதிகாரி ராய் ஸ்டிரைக்கர் இதை விரும்பவில்லை. ஆவணத்தில் கை வைத்தால் அதன் நம்பகத்தன்மை கெடும் என்பது அவர் எண்ணம். விரல் போன இடத்தில் அதன் மங்கிய நிழலை, உற்று நோக்குவோர் இன்றும் காணலாம்.

ஒரு விரல்தானே என்று நாம் சொல்லக்கூடும். ஏகலைவன் கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் அப்படி எளிதில் சொல்லமாட்டார்கள். கம்பத்தைப் பற்றிய கை இருந்தவரை அது ஓர் இடத்தில், ஒரு நாளில், ஒழுகும் கூரையின் கீழ் இருந்த கூலிக்காரக் குடும்பத்தின் படம். கை போனதும் அது காலமும் இடமும் அற்ற ‘தாய்மை’யின் படமாயிற்று. விரலோடு சேர்ந்து கூடாரமும் கூலியும் உறைந்த வயலும் பார்வையிலிருந்து நழுவின. எஞ்சியது அழகு. நாம் உருகியதும் அவ்வழகைக் கண்டுதான்.

அவர் பெயர் ஃபுளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்ப்சன். இதை உலகம் அறிந்தது 1978இல். படம் எடுத்து 42 ஆண்டுகள் கழித்து. செரோக்கிப் பழங்குடி மரபில் வந்தவர் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. அதுவரை அவர் வெள்ளையின உழவர் குடியின் தாயாகவே போற்றப்பட்டிருந்தார். அந்தப் படத்தை எடுக்காமலே இருந்திருக்கலாம் என்று அவர் மனக்குறையோடு சொன்னார். அதனால் தமக்கு ஒரு காசும் கிடைக்கவில்லை, தம் பெயரையும் கேட்கவில்லை என்பது அவர் குறை. டயர்களை விற்று உணவு வாங்கியதாக லாங் எழுதியதையும் அக்குடும்பத்தினர் மறுத்தனர். 1983இல் அவர் நோயுற்றபோது மருத்துவச் செலவுக்காகப் பிள்ளைகள் பொதுமக்களிடம் உதவி கேட்க நேர்ந்தது. அவ்வாண்டே அவர் காலமானார். 1998இல் அமெரிக்க அஞ்சல் துறை அப்படத்தை 32 சென்ட் அஞ்சல் தலையாக வெளியிட்டது. அதே ஆண்டில், லாங்கின் கையொப்பமிட்ட பிரதி ஒன்று நியூயார்க் ஏலத்தில் 2,44,500 டாலருக்கு விலைபோயிற்று.

லாங்கைக் கொடியவராகக் காட்டுவது என் நோக்கமன்று. அவர் மாத ஊதியத்துக்கு உழைத்தவர். அரசுக்காக எடுத்த அப்படத்துக்கு உரிமைத்தொகை எதுவும் பெறவில்லை. ஏழையர்பால் அவர் கொண்ட இரக்கம் மெய்யானது. அத்தகைய நல்லவரின் கருவியும்கூட ஒரு முகத்தை எடுத்துக்கொண்டு ஒரு பெயரை விட்டுவந்தது என்பதே நாம் சிந்திக்க வேண்டியது.

அறிந்த முகம், அறியாத பெண்

இதே கதை அரைநூற்றாண்டுக்குப் பின் மீண்டும் நடந்தது. 1984இல், பாகிஸ்தானின் பெஷாவர் நகருக்கு அருகிலிருந்த நாசிர் பாக் அகதிகள் முகாமில், ஸ்டீவ் மெக்கரி என்னும் அமெரிக்கர் ஓர் ஆப்கானியச் சிறுமியைப் படம் எடுத்தார். 1985 ஜூன் மாத ‘நேஷனல் ஜியோகிராஃபிக்’ இதழின் அட்டையில் அது வந்தது. பச்சைக் கண்களும் கிழிந்த செந்நிற முக்காடும் கொண்ட அம்முகத்தை அறியாதவர் அரியர். 2002 வரை அவர் பெயர் ஷர்பத் குலா என்பது உலகுக்குத் தெரியாது. அவரும் அவ்வளவு காலமும் அப்படத்தைக் கண்டதில்லை.

2016இல் இரு செய்திகள் வந்தன. மெக்கரி வெளியிட்ட வேறு சில படங்களில், காட்சிக்கு இடையூறாகத் தோன்றிய மனித உருவங்கள் கணினியில் நீக்கப்பட்டிருந்தமை வெளிப்பட்டது. தம்மைச் செய்திப் புகைப்படக்காரராகக் கொள்ள வேண்டாம், காட்சி வழியே கதை சொல்பவராகக் கொள்ளுங்கள் என்னும் பொருளில் அவர் விளக்கம் தந்தார். அதே ஆண்டில் ஷர்பத் குலா பெஷாவரில் கைதானார். போலி அடையாள அட்டை வைத்திருந்தார் என்பது குற்றச்சாட்டு. அவர் ஆப்கானிஸ்தானுக்குத் திருப்பியனுப்பப்பட்டார். 2021இல் இத்தாலி அவருக்கு அடைக்கலம் தந்தது. உலகில் மிகப் பலரால் அறியப்பட்ட முகங்களுள் ஒன்றுக்கு உரியவர், தாம் யார் என்று காட்ட ஒரு செல்லத்தக்க அட்டை இன்றிச் சிறை புகுந்தார். முகம் அறிவது மனிதரை அறிவதாகாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

மறுப்பும் விடையும்

‘படம் இல்லாவிடில் உதவி எப்படி வரும்? உலகுக்குத் துயரம் எப்படித் தெரியும்?’ என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. லாங்கின் படங்கள் நாளிதழில் வெளியானபின் நிப்போமோ முகாமுக்கு 20,000 பவுண்டு உணவுப்பொருள் சென்று சேர்ந்தது. பசித்த பலர் உண்டனர். ஆனால் அப்போது தாம்ப்சன் குடும்பம் வேலை தேடி வேறிடம் போய்விட்டது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

நம் நாட்டிலும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 1984 டிசம்பர் 2ஆம் நாள் நள்ளிரவில் போபால் நகரில் நச்சுவாயு கசிந்தது. அதன்பின் மண்ணில் புதைக்கப்படும் ஒரு குழந்தையின் முகத்தை ரகு ராயும் பாப்லோ பார்த்தலோமியூவும் தனித்தனியே படம் எடுத்தனர். மண்ணை விலக்கும் ஒரு கையும், திறந்தபடியே நிலைத்த இரு கண்களும் அப்படங்களில் உள்ளன. அக்குழந்தை யார் பிள்ளை என்பது தெரியவேயில்லை. எனினும் நிறுவனத்தின் வழக்கறிஞர்கள் இழப்பீட்டுக் கணக்குப் பேசிய காலமெல்லாம், பாதிக்கப்பட்டோர் அம்முகத்தை ஏந்தித் தெருவில் நின்றனர். அங்கே படம் ஒரு வழக்கின் சாட்சியாகிறது. பாதிக்கப்பட்டோரின் கையிலேயே இருக்கிறது. மண்ணை விலக்கிய கையையும் சட்டகத்துக்குள் வைத்திருக்கிறது.

ஆகவே புகைப்படக் கலையே குற்றம் என்பது என் வாதமன்று. எது வெட்டப்படுகிறது, எவர் கையில் படம் இருக்கிறது, பார்த்தவரிடம் அது என்ன கேட்கிறது என்னும் மூன்று கேள்விகளை நாம் கேட்க மறந்துவிட்டோம் என்பதே என் குற்றச்சாட்டு. இந்த மறதிக்கு நாம் சூட்டிய அழகிய பெயர்தான் ‘புகைப்படம் பொய் சொல்லாது’ என்பது.

இருட்டையும் வெட்டினார்கள்

இம்மூன்று கேள்விகளையும் நான்கு படங்கள் உச்சநிலையில் எழுப்புகின்றன. 1944 ஆகஸ்டு மாதம். போலந்து மண்ணில் நாசிகள் நடத்திய ஔஷ்விட்ஸ்-பிர்க்கனவ் கொலைமுகாம். நச்சுவாயுக் கூடங்களிலிருந்து பிணங்களை அகற்றி எரிக்கும் வேலையை நாசிகள் யூதக் கைதிகளைக் கொண்டே செய்வித்தனர். அக்கைதிக் குழுவுக்கு சோண்டர்கமாண்டோ என்று பெயர். உள்ளே நடப்பதை வெளியுலகம் நம்பாது என்று உணர்ந்த அக்குழுவினர், மறைவாகக் கொண்டுவரப்பட்ட ஒரு புகைப்படக் கருவியால் நான்கு படங்கள் எடுத்தனர். எடுத்தவர் கிரேக்க யூதரான ஆல்பெர்ட்டோ எரேரா என்று ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். படச்சுருள் பற்பசைக் குழாய் ஒன்றில் ஒளித்து வைக்கப்பட்டு கிராக்கோவிலிருந்த போலந்து விடுதலைப் போராளிகளிடம் சென்று சேர்ந்தது.

இரண்டு படங்கள் நச்சுவாயுக் கூடத்தின் இருளுக்குள்ளிருந்து, வாயிலின் வழியே எடுக்கப்பட்டவை. சுற்றிலும் கரிய இருள். நடுவில் சிறிய ஒளிச் சதுரம். அதில் திறந்தவெளியில் பிணங்கள் எரியும் புகை. மூன்றாவதில் ஆடை களையச் செய்யப்பட்ட பெண்கள் மரங்களிடையே ஒரு மூலையில் தெரிகின்றனர். நான்காவதில் மரக்கிளைகளும் வானமும் மட்டுமே. குறிபார்த்து எடுக்க நேரமில்லை, பிடிபட்டால் சாவு.

போருக்குப் பின் இப்படங்களை வெளியிட்டோர் என்ன செய்தனர்? கரிய பகுதியைப் பயனற்றது என்று வெட்டினர், சாய்ந்ததை நிமிர்த்தினர், மூலையிலிருந்த பெண்களைப் பெரிதாக்கி, உருவங்களைத் தெளிவாகத் திருத்தினர். ‘செய்தி’ தெளிவாக வேண்டும் என்பதே அவர்கள் நோக்கம். அந்த இருட்டே செய்தி என்பதை 2001இல் பாரிசில் நடந்த கண்காட்சியை ஒட்டி எழுதிய கலை வரலாற்று அறிஞர் ஜோர்ஜ் டிடி-யூபெர்மன் எடுத்துக்காட்டினார். அவ்விருட்டில்தான் படம் எடுத்தவர் ஒளிந்து நின்றார். அதை வெட்டியபோது, உயிரைப் பணயம் வைத்த சாட்சி தம் சாட்சியத்திலிருந்தே வெளியேற்றப்பட்டார். படம் மிஞ்சியது, எடுத்தவர் பட்ட பாடு மறைந்தது. நிப்போமோவில் விரல் போனது போலவே இங்கே இருள் போயிற்று.

கிறுக்கல் என்னும் குற்றச்சாட்டு

இனி ஓவியத்துக்கு வருவோம். கெர்ஹார்ட் ரிக்டர் 1932இல் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் பிறந்தவர். 1961இல் கிழக்கு ஜெர்மனியிலிருந்து மேற்குக்குச் சென்றவர். புகைப்படங்களைப் பார்த்து அப்படியே ஓவியமாக வரைந்து, வண்ணத்தின் ஈரம் உலருமுன் உலர்ந்த தூரிகையால் இழுத்து உருவங்களை மங்கலாக்குவது அவர் கையாண்ட முறைகளுள் ஒன்று. ‘தெளிவாக வரையத் தெரிந்தவர் ஏன் கெடுக்க வேண்டும்?’ என்று கேட்போருக்கு ஒரே ஓர் ஓவியத்தை விடையாகக் காட்டலாம்.

1965இல் அவர் வரைந்த ‘மரியான் அத்தை’ என்னும் ஓவியம், குடும்பப் புகைப்படம் ஒன்றின் வழி அமைந்தது. பதின்வயதுப் பெண் ஒருத்தி கைக்குழந்தையோடு இருக்கிறாள். மேலோட்டமாகப் பார்ப்போருக்கு இதுவும் தாயும் சேயும்தான். குழந்தை ரிக்டர், பெண் அவர் தாயின் தங்கை மரியான் ஷோன்ஃபெல்டர். பின்னாளில் மரியானுக்கு மனநோய் என்று முடிவுகட்டிய நாசி அரசு அவருக்குக் கட்டாயக் கருத்தடை செய்தது. இறுதியில் 1945 பிப்ரவரியில், நோயாளிகளைக் கொல்லும் திட்டத்தின்படி மனநல மருத்துவமனை ஒன்றில் மாளச் செய்தது. அதற்கு முந்திய ஆண்டு, 1964இல், கடற்கரையில் மகிழ்ந்திருக்கும் ஒரு குடும்பத்தையும் ரிக்டர் வரைந்திருந்தார். அதில் சிரித்து நிற்பவர் அவருடைய அப்போதைய மாமனார் ஹைன்ரிக் ஆய்ஃபிங்கர் என்னும் மருத்துவர். நாசிகளின் எஸ்.எஸ். படையைச் சேர்ந்த அவர், டிரெஸ்டனில் கட்டாயக் கருத்தடை அறுவைகளை நடத்தியவர்களுள் ஒருவர் என்பதை யூர்கன் ஷ்ரைபர் என்னும் இதழாளர் 2005இல் நூலாக வெளியிட்டார். வரைந்தபோது ரிக்டரே இதனை அறிந்திருக்கவில்லை.

இரு புகைப்படங்களும் தெளிவானவை. இரண்டிலும் புன்னகையும் வெளிச்சமும் உண்டு. கொன்ற கூட்டத்தையும் கொலையுண்டவரையும் பிரித்துக் காட்ட ஒரு கோடு கூட அவற்றில் இல்லை. புகைப்படம் பொய் சொல்லவில்லை என்பது மெய்தான். அது எதையுமே சொல்லவில்லை. ஓவியர் பூசிய மங்கல்தான், ‘இம்மனிதரை நீ அறிந்துவிட்டதாக எண்ணாதே; நின்று பார்’ என்று நம்மைத் தடுத்து நிறுத்துகிறது. நிழற்படத்தை நொடியில் கடந்துபோகும் கண், இம்மங்கலின் முன் தயங்குகிறது. அத்தயக்கத்தையே இக்கால ஓவியம் நமக்குத் தரும் கொடை என்று கருதுகிறேன்.

2014இல் ரிக்டர் பிர்க்கனவின் அந்நான்கு படங்களை எடுத்துக்கொண்டார். 260 சென்டிமீட்டர் உயரமும் 200 சென்டிமீட்டர் அகலமும் கொண்ட நான்கு திரைகளில் அவற்றை வரையத் தொடங்கினார். ஆனால் தொடரவில்லை. அவ்வுருவங்களின் மேல் கருமை, சாம்பல், சிவப்பு, பச்சை என்று அடுக்கடுக்காக வண்ணம் பூசி, நீண்ட பலகை போன்ற கருவியால் இழுத்து இழுத்து முற்றிலும் மூடிவிட்டார். ‘பிர்க்கனவ்’ என்னும் பெயரில் காட்சிக்கு வைத்தபோது, மூலப் புகைப்படங்களின் பிரதிகளையும் அவற்றின் அருகே வைக்கச் செய்தார்.

முதலில் அச்சுப் பிரதியில் இவற்றைக் கண்டபோது, காயத்தின் மேல் படிந்த பொருக்கு என்றே எனக்குத் தோன்றியது. பொருக்கு காயத்தை மறைக்கிறது. அங்கே காயம் உண்டு என்பதையும் அறிவிக்கிறது. ‘கோடிக்கணக்கில் விலைபோகும் ஓவியர், பிறர் சாவின் மீது வண்ணம் பூசுவது தகுமா?’ என்று கேட்டோரும் உளர். அக்கேள்வியைத் தள்ளிவிட முடியாது. ஆயினும் மாற்று வழியை எண்ணிப் பாருங்கள். தேர்ந்த ஓவியர் ஒருவர் அப்பெண்களின் உடல்களைத் தத்ரூபமாக வரைந்து, அழகிய ஒளியமைப்போடு சுவரில் மாட்டியிருந்தால், அவர்கள் இரண்டாம் முறை ஆடை களையப்பட்டிருப்பார்கள். ரிக்டர் அதைச் செய்ய மறுத்தார். சாட்சிகளின் படத்தைச் சாட்சிகளுடையதாகவே விட்டுவிட்டு, தம்மால் இயலாததை இயலாது என்று வண்ணத்தால் சொன்னார். இதனைக் கிறுக்கல் என்போர், கிறுக்காத கையிலிருந்து எதை எதிர்பார்த்தனர் என்பதையும் சொல்ல வேண்டும்.

கொலோன் பேராலயத்தின் சாளரம்

இவ்விவாதம் திருச்சபைக்குள்ளும் நிகழ்ந்தது. ஜெர்மனியின் கொலோன் பேராலயத்தில் தென்புறப் பெருஞ்சாளரத்தின் பழைய வண்ணக் கண்ணாடி இரண்டாம் உலகப் போரில் அழிந்துபோனது. அவ்விடத்தில் 20ஆம் நூற்றாண்டின் மறைசாட்சிகளை, சிறப்பாகப் புனித மாக்சிமிலியன் கோல்பேயையும் புனித எடித் ஸ்டெயினையும் சித்திரிக்க வேண்டும் என்று பேராலயப் பொறுப்பாளர்கள் விரும்பினர். இருவரும் ஔஷ்விட்ஸில் உயிர் துறந்தவர்கள். கோல்பே 1941இலும் எடித் ஸ்டெயின் 1942இலும். பணி ரிக்டரிடம் வந்தது. கொலைக்களப் புகைப்படங்களைக் கொண்டு அவர் முயன்று பார்த்துக் கைவிட்டார். பின்னர் 1974இல் தாம் வரைந்த வண்ணச் சதுர ஓவியம் ஒன்றின் வழியில் சென்றார். 72 வண்ணங்களில் 11,000-க்கும் மேற்பட்ட சிறு கண்ணாடிச் சதுரங்கள். அவற்றின் வரிசையைப் பெரும்பாலும் கணினியின் தற்செயல் தேர்வே வகுத்தது. 2007 ஆகஸ்டில் சாளரம் திறக்கப்பட்டது. ரிக்டர் ஊதியம் பெறவில்லை.

அப்போதைய பேராயர் கர்தினால் யோவாக்கிம் மைஸ்னர் திறப்பு விழாவுக்கு வரவில்லை. இச்சாளரம் பேராலயத்தைவிட மசூதிக்கோ வேறு வழிபாட்டு இல்லத்துக்கோ பொருந்தும் என்றார். அவர் மனக்குறையில் ஓர் உண்மை இருக்கிறது என்பதை மறுக்கமாட்டேன். வாக்கு மனிதரானார் என்பதே நம் விசுவாசம். முகமற்ற இறைமையை நாம் வணங்கவில்லை. நம் ஆலயங்களில் முகங்கள் இருத்தல் முறையே.

எனினும் கர்தினாலின் கருத்தை ஏற்க என்னால் இயலவில்லை. கோல்பேயின் முகம் தேவை என்பதாலேயே எந்த முகமும் போதும் என்றாகாது. கோடிட்ட கைதி உடையில் ரோசாக் கன்னங்களோடு புன்னகைக்கும் திருப்படத்தை நாம் அறிவோம். பட்டினிக் கொட்டடியில் இரண்டு வாரங்கள் கிடந்து, நச்சூசி ஏற்றிக் கொல்லப்பட்டவரின் முகம் அதுவன்று. அச்சாவை உள்ளவாறு வரையவும் முடியாது. இனிப்பூட்டி வரைவதோ தகாது. இரண்டுக்கும் இடையே, பேசாமல் ஒளியை உள்ளே வரவிட்ட ஓவியரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவ்வொளி பீடத்தின் மேலும் தூண்களின் மேலும் விழுவதோடு, கீழே அமர்ந்திருக்கும் மனிதர்களின் முகங்களின் மேலும் விழுகிறது. உயிரோடு இருக்கும் முகங்களுக்கு அது வண்ணம் பூசுகிறது. பேராலயத்தில் முகங்கள் இல்லாமற் போய்விடவில்லை.

நாம் செய்ய வேண்டியது

‘கொலோனும் கலிஃபோர்னியாவும் இருக்கட்டும், நமக்கென்ன?’ எனலாம். நம் பங்குகளில் நடப்பதை எண்ணிப் பார்ப்போம். மருத்துவ உதவிக்காக அச்சிடும் துண்டறிக்கையில் நோயுற்ற குழந்தையின் மூக்குக் குழாயோடு கூடிய படம். இல்லச் சிறாருக்குப் புத்தாடை வழங்கும் விழாவில், கொடுப்பவரின் பெயர் பட்டம் பதவியோடு அச்சாகிறது. பெறும் சிறுமியின் பெயர் அச்சாவதில்லை, முகம் மட்டும் தெளிவாகத் தெரிகிறது. வெள்ளம் வந்தாலும் புயல் வந்தாலும், ஓர் அரிசிப் பையைப் பத்துக் கைகள் பிடித்திருக்க, எதிரே ஒரு மூதாட்டி கருவியை நோக்கிச் சிரிக்க வேண்டியிருக்கிறது. அலைபேசிகளில் அப்படம் அன்று மாலைக்குள் ஊரெங்கும் போய்விடுகிறது. அவர் பேத்தியின் பள்ளித் தோழியர் கையிலும் அது இருக்கும். பசிக்கு அரிசி வாங்கியவர், அதற்கு விலையாகத் தம் முகத்தைக் கொடுத்துவிட்டுப் போகிறார். தருமம் செய்யும் கைகளைப் பற்றி மலைப்பொழிவில் ஆண்டவர் சொன்னதை நாம் அறியாதவர்கள் அல்லோம்.

‘படம் போட்டால்தான் நன்கொடை வருகிறது, கணக்குக் காட்டவும் படம் வேண்டும்’ என்பார்கள். 1984–85 எத்தியோப்பியப் பஞ்சத்தின்போது எலும்பும் தோலுமான குழந்தைகளின் படங்களால் பெருநிதி திரட்டிய மேலைநாடுகளிலேயே இதுபற்றி மனச்சான்று உறுத்தியது. 1989இல் ஐரோப்பியத் தொண்டு நிறுவனங்களின் கூட்டமைப்பு, ஏழை நாட்டு மக்களின் படங்களைப் பயன்படுத்துவது குறித்து ஒரு நெறிமுறையை வகுத்தது. மக்களை இரங்கத்தக்க பொருளாகக் காட்டலாகாது, மாண்புள்ள மனிதராகக் காட்ட வேண்டும் என்பதே அதன் சாரம். நம் நாட்டிலும் 2015ஆம் ஆண்டின் இளஞ்சிறார் நீதிச் சட்டம் இருக்கிறது. பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையின் பெயரையோ படத்தையோ, அடையாளம் தெரியும்படி ஊடகங்களில் வெளியிடுவதை அதன் 74ஆம் பிரிவு தடை செய்கிறது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டு இலட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அன்பு செய்யவேண்டியதைச் சட்டம் வந்து சொல்ல நேர்ந்தது நமக்குப் பெருமையன்று.

ஆகவே நம் பங்குப் பேரவைகளும் சங்கங்களும் இனியேனும் சிலவற்றை முடிவுசெய்தல் வேண்டும். உதவி பெறுபவரை உதவி பெறும் வேளையில் படம் எடுப்பதில்லை என்பது முதலாவது. கணக்குக் காட்டக் கையொப்பமும் பற்றுச்சீட்டும் போதும். குழந்தையின் முகத்தை நன்கொடைக்காக அச்சிடுவதில்லை என்பது இரண்டாவது. பெரியவர் ஒருவரின் படத்தை வெளியிடத் தேவை உண்டாயின், அவர் இசைவைப் பெற்று, அவர் விரும்பினால் பெயரோடும் தொழிலோடும் வெளியிட்டு, அச்சான பிரதியை முதலில் அவர் கையில் தருவது மூன்றாவது. இவற்றுக்குப் பணம் தேவையில்லை.

சிலுவைப்பாதையின் ஆறாம் நிலையில் நாம் ஆண்டுதோறும் முழந்தாளிடுகிறோம். நற்செய்தி நூல்களில் எழுதப்படாத, ஆனால் நம் முன்னோர் விடாது காத்துவந்த மரபு அது. கூட்டத்திலிருந்து ஒரு பெண் முன்வந்து ஆண்டவரின் குருதி வழியும் முகத்தைத் துடைக்கிறார். துடைத்த துணியில் அம்முகம் பதிகிறது. அப்பெண்ணை வெரோனிக்கா என்கிறோம். மெய்யான உருவம் என்று அப்பெயருக்குப் பொருள் சொல்வதும் உண்டு. அன்று அவ்வழியில் வேடிக்கை பார்த்து நின்றோர் பலர். அவர்களுள் ஒருவருக்கும் அம்முகம் கிடைக்கவில்லை. படம் வேண்டும் என்று அவர் துணியை நீட்டவில்லை. முகம் துடைக்கவே நீட்டினார்.

அடுத்த முறை நம் கையில் கருவியும் எதிரே துன்புறும் ஒருவரும் இருக்கும்போது, முதலில் அவர் பெயரைக் கேட்போம். கேட்டபின், படம் வேண்டுமா என்பதை அவரே சொல்லட்டும்.